ரோபோவுக்குக் காத்திராத மருமகன்

"ரோபோ ஆளைக் கொல்லுமா அக்கா?"

ஓட்டோவைத் தாராபுரம் பக்கம் திருப்பியபடி றோய் கேட்டான்.

"இந்தக் கேஸில ரோபோ கிட்டயே வரேல்லை. அதுதான் குற்றச்சாட்டே," என்றாள் சுகந்தினி.

"அப்ப ரோபோவைப் பிணையில விடலாம்."

சுகந்தினி சிரிக்கவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, ஊர் திரும்பி, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். இப்போது மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை என்று தனியாகத் துப்பறிகிறாள். றோய் பள்ளிமுனைக்காரன், முப்பதைத் தாண்டியவன். ஓட்டோவும் அவனுடையது, உதவியாளர் பதவியும் அவனே எடுத்துக்கொண்டது.

கேஸைக் கொடுத்த உம்மு குல்சூம் தாராபுரத்து வீட்டு வாசலில் காத்திருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உள்ளே அழைத்துப் போகும்போது ஒரு கை சுவரை விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தார்.

"முழங்கால்," என்றார். "கிளினிக்கில நோவுக்குக் குளிசை தாறாங்க. வயசு போனா என்ன செய்யிறது. இருங்கோ பிள்ளை."

அவர் சொன்ன கதை இதுதான். அவருடைய தம்பி நெய்னாவுக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். போன வருடம் அதில் ஒரு கட்டி. நெய்னாவின் மகள் பஸ்மினாவின் புருஷன் அஸ்மி, கத்தாரிலிருந்து லீவில் வந்தவன், மாமனாரைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். ரோபோ வைத்து வெட்டினால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சச் சிறுநீரகத்தைப் பழுதில்லாமல் காப்பாற்றலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் ரோபோவுக்கு வரிசை நீண்டிருந்தது. அஸ்மியின் லீவு முடியப்போனது. கமராக் குழாய் விட்டு, டொக்டர் தன் கையாலேயே கருவி பிடித்துச் செய்யும் மற்ற முறைக்கு அவன் சம்மதம் சொல்லிவிட்டான்.

"இப்ப அந்த மிச்சமும் போகுது," என்றார் உம்மு குல்சூம். "உம்மா மௌத்தாகேக்க என்ட தம்பி பால் மறக்காத பிள்ளை. நான்தான் தூக்கி வளர்த்தன். அவன்ட உயிரை ஒருத்தன் லீவுக்காக அவசரப்பட்டுக் கெடுத்திருக்கிறான். பஸ்மினாவை நான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திட்டன். வியாழக்கிழமை விவாகரத்துக்குக் காதியார் முன்னால போறம். அவன்ட அவசரத்தாலதான் கிட்னி போச்செண்டு எனக்கு நிரூபிச்சுத் தாங்கோ. பிரிச்செடுத்தாத்தான் என்ட மனசு ஆறும்."

"பஸ்மினா என்ன சொல்லுறா?"

"அவள் அழுகிறாள். வேறென்ன சொல்லுவாள்."

உள்ளறையில் பாயில் சரிந்து கிடந்த மனிதர் எழுந்து வந்தார். நெய்னாதான். முகம் ஊதியிருந்தது. கண்ணிமைகள் தடித்து, தோல் சாம்பல் பூத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினமும் இங்கேதான் வருகிறாராம். பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ராத்தா, இவங்கட நேரத்தை வீணாக்காத," என்றார் அக்காவிடம். பிறகு சுகந்தினியைப் பார்த்தார். "அஸ்மி நல்ல பிள்ளை, தங்கச்சி. என்ட தலையெழுத்துக்கு அவன் என்ன செய்வான்?"

படியிறங்கி, மணல் ஒழுங்கையில் விறுவிறுவென்று பள்ளிவாசலை நோக்கி நடந்தார்.

ஓட்டோவில் ஏறியதும் றோய் சொன்னான்: "கிட்னிக்காரர் ஓடுறார். கேஸ் குடுத்தவ நொண்டுறா. நாங்கள் ஆளை மாத்திப் பிடிச்சிட்டமோ அக்கா?"

"வாயை மூடிக்கொண்டு கீரிக் கடற்கரைக்கு விடு."

கீரிக் கடற்கரையில் அஸ்மி நண்டுக் கூடைகளை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தான். மாமனாருக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்று கேட்டதும் கத்தார் வேலையை விட்டு வந்தவன். இப்போது படகுக்காரர்களிடம் நண்டு வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறான். பெண்சாதி போன பிறகும், உப்புக்குளத்து வீட்டில் மாமனாரோடு அவன்தான் இருக்கிறான். நெய்னா மருமகனை விட்டு வர மறுத்துவிட்டார்.

"உம்மு குல்சூம் மாமி சொன்னது பொய்யா?" என்று கேட்டாள் சுகந்தினி.

"இல்லை. எல்லாம் உண்மை."

றோய் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "தம்பி, நீங்கள் ஒருக்கா மறுத்தாத்தான் எங்களுக்குத் தொழில் நடக்கும்."

அஸ்மி சிரிக்க முயன்று தோற்றான். "டொக்டர் ரெண்டையும் விளங்கப்படுத்தினவர். இந்தக் கட்டிக்கு ரெண்டும் சரிதான், ரோபோவுக்குக் கொஞ்சம் பிந்தும் எண்டவர். நான் 'எது கெதியாக் கிடைக்கும்' எண்டு கேட்டன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கப்படாது. மாமாவுக்கு எது நல்லம் எண்டெல்லோ கேட்டிருக்கோணும்? பஸ்மினா இதைக் கேட்டாள். எனக்குப் பதில் வரேல்லை. காதியார் கேட்டாலும் வராது."

கடல் அமைதியாகக் கிடந்தது. அவன் வெறும் கூடையொன்றைத் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஒப்பரேசனுக்குப் பிறகு மாமா எப்பிடி இருந்தவர்?"

"நல்லா இருந்தவர். நான் கத்தாருக்குத் திரும்பிப் போகேக்க விமான நிலையம் வரைக்கும் வந்தவர். பிறகுதான் பஸ்மினாவுக்கு முருங்கன் பக்கம் டீச்சர் வேலை கிடைச்சுது. அவள் வீட்ட வர நேரமாகும். மத்தியானச் சாப்பாடு மாமி வீட்டில எண்டானது. மாமியும் ஆசையாப் பார்த்தவ. அப்பிடிப் பார்த்தும் அந்த மாசத்தில இருந்து இறங்கத் தொடங்கிட்டுது."

நெய்னாவைத் தொடர்ந்து பார்த்துவரும் டொக்டர் செல்வராசா வவுனியாவில் இருந்தார். மறுநாள் பின்னேரம், நெய்னாவே தொலைபேசியில் சம்மதம் சொன்ன பிறகு பேசினார்.

"முதல்ல ஒண்டு. ரோபோ தானா வெட்டாது," என்றார். "டொக்டர் தள்ளி இருந்து பிடியை ஆட்டுவார். உள்ளுக்குள்ள ரோபோட கை ஆடும். மனுசர்ட மணிக்கட்டு மாதிரித் திரும்பும். மற்ற முறையில டொக்டர் நீளக் கருவியைத் தன்ர கையாலயே பிடிப்பார். ரெண்டும் சின்னத் துளையாலதான், ரெண்டுக்கும் கமராதான்."

"பிறகேன் எல்லாரும் ரோபோ ரோபோ எண்டு ஓடுகினம்?"

"கட்டியை வெட்டேக்க கிட்னிக்குப் போற இரத்தத்தைக் கிளிப் போட்டு மறிக்கோணும். அவ்வளவு நேரமும் கிட்னி மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்குது எண்டு வையுங்கோ. ரோபோட தையல் கெதியெண்டு முடியும், மூச்சுப் பிடிக்கிற நேரம் குறையும். கட்டி ஆழத்தில இருந்தா அது பெரிய உதவி. இவருக்குக் கட்டி வெளி ஓரத்தில. நல்ல கையாலதான் செய்திருக்கினம். கிளிப்பையும் கெதியா எடுத்திருக்கினம்."

"மூச்சு முட்டேல்லை எண்டுறியள்," என்றான் றோய்.

"முட்டியிருந்தா அண்டைக்கே தெரிஞ்சிருக்கும். கட்டிலில கிடக்கேக்கயே இரத்தப் பரிசோதனை காட்டிக் குடுத்திருக்கும். இவர் வந்து முதல் மூண்டு மாசமும் என்ர கண்ணுக்கு முன்னால நல்லா இருந்தவர். பிறகுதான் விழத் தொடங்கினவர். ரெண்டு முறையில எதால செய்தாலும், மிச்சமிருக்கிற கிட்னி எவ்வளவு, அதைப் பிறகு எப்பிடிப் பார்க்கிறம், அதுதான் கனகாலத்துக்கு முக்கியம்." டொக்டர் பெருமூச்சு விட்டார். "நான் எல்லாம் கேட்டுப் பார்த்திட்டன். பிரசர் இல்லை, சீனி இல்லை. நாட்டு மருந்து, நோவுக்குக் குடிக்கிற நோக்குளிசை ஒண்டும் தொடுறேல்லை எண்டு சத்தியம் பண்ணுறார். அவர் பொய் சொல்லுற ஆளும் இல்லை. எனக்குப் பிடிபடேல்லை."

வெளியே வந்ததும் றோய் தலையைச் சொறிந்தான். "கத்தி நிரபராதி. ரோபோ ஏற்கனவே பிணையில. மிஞ்சி இருக்கிறது ஆர்?"

"நாலாம் மாசம்," என்றாள் சுகந்தினி. "அந்த மாசத்தில இருந்து நெய்னாட நாளில புதுசா என்ன வந்தது எண்டு பார்க்கோணும். நாளைக்கு விடிய உப்புக்குளத்துப் பள்ளிவாசலுக்குப் போ. அவர் விடியத் தொழுகைக்கு வருவார். ஆரோட வாறார், எங்க தேத்தண்ணி குடிக்கிறார், எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு வா."

"நான் மாதா கோயிலுக்கே விடிய எழும்பிப் போனதில்லை அக்கா."

ஆனால் போனான். காலையில் மாடிப்படி ஏறி வந்தபோது அவன் முகத்தில் பகிடி இல்லை.

"அஸ்மிதான் கூட்டிக்கொண்டு வந்தவன். கூட்டிக்கொண்டு எண்டு சொல்லேலாது, தூக்கிக்கொண்டு. நெய்னா ஒவ்வொரு படியிலயும் நிண்டு மூச்சு வாங்கினார். முழங்கால் மடங்குதில்லை. உள்ள அவருக்கெண்டு ஒரு கதிரை இருக்குதாம். மாசக்கணக்கா அதில இருந்துதான் தொழுகிறாராம். தரையில நெற்றி வைக்க ஏலாது, குனிய மட்டும்தான் ஏலும் எண்டு ஒருத்தர் சொன்னார்."

சுகந்தினி பேனாவைக் கீழே வைத்தாள்.

"தாராபுரத்தில அவர் ஓடினதை நீதானே பார்த்தனி?"

"பார்த்தனான். அதுதான் வாற வழியில தாராபுரத்துக்கும் போயிட்டு வந்தனான். பள்ளிவாசலுக்கு முன்னால ஒரு கடைக்காரர். நெய்னாவா, அவர் முன்வரிசையில நிண்டு, தரையில நெற்றி முட்டச் சுஜூது செய்யிற ஆளெல்லோ எண்டுறார். கதிரையா, எங்களிட்ட அப்பிடி ஒரு கதிரையே இல்லை எண்டுறார்." றோய் விரலை நீட்டினான். "ஒரே மனுசன். ஒரே முழங்கால். விடிய உப்புக்குளத்தில மடங்காது, பின்னேரம் தாராபுரத்தில மடங்கும். தாராபுரக் காத்தில என்ன இருக்குது?"

"காத்தில இல்லை." சுகந்தினி எழுந்து நின்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "நீ முதல்நாள் ஒரு பகிடி விட்டனி. அதுதான் கேஸ். குளிசை வாங்கிறவ நொண்டுறா. குளிசையே தொடாதவர் ஓடுறார்."

"கடவுளே," என்றான் றோய் மெதுவாக.

உம்மு குல்சூம் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த பஸ்மினா பக்கத்தில் வெங்காயம் உரித்தாள். கண்கள் வீங்கியிருந்தது வெங்காயத்தால் மட்டுமல்ல.

"நிரூபிச்சிட்டீங்களா பிள்ளை?" என்றார் உம்மு குல்சூம். "நாளைக்கு வியாழன்."

சுகந்தினி அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, கிளினிக்கில உங்களுக்குத் தாற குளிசையை நீங்கள் குடிக்கிறனீங்களா?"

கத்தி நின்றது.

"ஏன் கேக்கிறீங்க?"

"உங்களுக்கு இவ்வளவு நோகுதே."

உம்மு குல்சூம் கதவுப் பக்கம் பார்த்தார். நெய்னா வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. திருட்டுத்தனமாக இனிப்பு கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட தாயின் சிரிப்பு.

"அவன்ட்டச் சொல்லிப்போடாதீங்கோ," என்றார் ரகசியமாக. "தெரிஞ்சா குடிக்க மாட்டான், பிடிவாதக்காரன். பொடியாக்கி இஞ்சிக் கோப்பியில கரைச்சுக் குடுக்கிறன். ஒவ்வொரு நாளும். அந்தக் கதிரையில இருந்து தொழுதுபோட்டு, நான் இனி மனுசனில்லை ராத்தா எண்டு என்னட்ட வந்து அழுதவன். இப்ப பாருங்கோ, எப்பிடி நடக்கிறான்! எனக்கு நொந்தா என்ன. நான் வீட்டுக்குள்ளதானே இருக்கிறன்."

பஸ்மினாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது.

"டொக்டர் அவருக்கு நோக்குளிசை வேண்டாமெண்டு சொன்னவரெல்லோ?" சுகந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னவராம். வயிறு எரியும் எண்டுதானே வேண்டாமெண்டுறது? எனக்கும் அப்பிடித்தான் சொன்னவங்க. அதாலதான் வெறும் வயித்தில ஒருநாளும் குடுக்கிறேல்லை. சோறு திண்ட பிறகுதான் குடுப்பன்."

"வயித்துக்காக இல்லையம்மா. கிட்னிக்காக. எங்களுக்கு ரெண்டு கிட்னி, தாங்கும். அவருக்கு இருந்ததே ஒண்டு, அதிலயும் வெட்டி எடுத்தது போக மிச்சம். அந்தக் குளிசை அதுக்குப் போற இரத்தத்தைக் குறைக்கும். எப்பவாவது ஒண்டெண்டா வேற. ஒவ்வொரு நாளும் எண்டா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. உம்மு குல்சூம் தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். மீன் செதிள் ஒட்டியிருந்த விரல்களை வேறொருவருடைய விரல்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நானா?" என்றார்.

பஸ்மினா வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டு அருகே நகர்ந்தாள்.

"பஸ்மினா, நானா உன்ட வாப்பாவ..."

"மாமி, வேண்டாம்," என்று பஸ்மினா அவரைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் மாமி. உங்களுக்குத் தெரியாது."

கிழவி அழவில்லை. பிறகு பஸ்மினாவின் தோளைப் பிடித்து எழுந்தார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். கழுவினார், திரும்பவும் கழுவினார்.

"தம்பி," என்றார் றோயிடம், "வண்டியை எடுங்கோ. அஸ்மிட்டப் போகோணும்."

"நாங்கள் சொல்லுறம் அம்மா. நீங்கள் இருங்கோ," என்றாள் சுகந்தினி.

"ஊர் முழுக்க அவன்ட பேரைக் கெடுத்தது என்ட வாய். இதையும் அந்த வாயாலதான் சொல்லோணும்."

உப்புக்குளத்து வீட்டில் நெய்னா தாராபுரம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். அஸ்மி அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். பஸ்மினாவைக் கண்டதும் எழுந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோடு ஒதுங்கினான்.

உம்மு குல்சூம் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தனக்குத் தெரியாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் அஸ்மியின் கையைப் பிடித்தார். "மன்னிச்சன் எண்டு சொல்லு மகன். சொல்லாட்டியும் பரவாயில்லை. நாளைக்குக் காதியாரிட்ட ஒருத்தரும் போகேல்லை."

அஸ்மி அவர் கையை விடவில்லை. "மாமி, நான் ரோபோவுக்குக் காத்திருந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்குமோ? இருந்திருந்தா இதையும் தாங்கியிருக்குமோ?"

பின்னர் டொக்டரிடம் இதைக் கேட்டபோது அவர் உறுதியாகச் சொல்லவில்லை. வெட்டால் இது நடக்கவில்லை என்று மட்டும் திரும்பவும் சொன்னார். பஸ்மினா போய்ப் புருஷனின் அருகில் நின்றாள். அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நெய்னா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோப்பி கசக்குது எண்டு நான் சீனி கூடக் கேட்டனான் ராத்தா," என்றார். "நீ போட்டுத் தந்தனி."

உம்மு குல்சூம் அப்போதுதான் உடைந்தார். நிலத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நெய்னா கீழே உட்கார முயன்றார். முழங்கால் மடங்கவில்லை. அஸ்மி தாங்க, மெதுவாக இறங்கி அக்காவின் அருகில் தரையில் அமர்ந்து, அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தினார்.

"அல்லாஹ் மேல ஆணை, அந்த மாசங்களில நான் நல்லா நடந்தனான் ராத்தா. நல்லா நடந்தனான்."

குளிசை நின்றது. சிறுநீரகம் விழும் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் போனது திரும்பி வரவில்லை. மிச்சமிருப்பது இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம், அதற்குப் பிறகு இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடுதான் வாழ்க்கை என்றார் டொக்டர் செல்வராசா. பஸ்மினா உப்புக்குளத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

மாதம் ஒன்று கழித்து, ஒரு மத்தியானம், அந்தப் பக்கம் போன சுகந்தினியையும் றோயையும் உம்மு குல்சூம் சாப்பிடக் கூப்பிட்டார். நெய்னாவும் வந்திருந்தார். உப்பில்லாத கறியைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அடுப்படியில் கோப்பிப் பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டொக்டரின் கட்டளைப்படி உம்மு குல்சூம் இப்போது தன் குளிசையைத் தானே குடிக்கிறார். பஸ்மினா தினமும் வந்து முன்னால் நின்று விழுங்க வைக்கிறாள். அவர் நடை நேராகியிருந்தது. அது அவருக்கு ஒரு தண்டனையாக இருந்தது என்று சுகந்தினிக்குத் தோன்றியது.

பாங்கு கேட்டது. நெய்னா பாயிலிருந்து எழப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. இரண்டாம் தரம் ஊன்றினார். பல்லைக் கடித்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. றோய் எழுந்து ஓடப்போனான். சுகந்தினி அவன் கையைப் பிடித்தாள்.

உம்மு குல்சூம் வாசல்படியில் நின்றார். ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க அவரிடம் இனி ஒன்றும் இல்லை. சுகந்தினியைத் திரும்பிப் பார்த்தார். "சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாமா பிள்ளை? அதாவது குடுக்கலாமா?"

"குடுக்கலாம் அம்மா."

துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுபோய்த் தம்பியின் பக்கத்தில் அமர்ந்தார். வீங்கிய முழங்காலில் அதை வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார்.

"நோகுது ராத்தா," என்றார் நெய்னா, சின்னப் பிள்ளையைப்போல.

"தெரியும்டா," என்றார் அவர். "தெரியும்."